நாடகக் கலையில் பட்டம் பெறலாமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகள் பள்ளி ஆண்டு விழா நாடகங்களில் நடித்துப் பாராட்டுப் பெற்றவள். நாடகக் கலையையே இளங்கலைப் பாடமாக எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். பி.காம். சேர்ந்துவிட்டு நாடகத்தை ஓய்வு நேரத்தில் வைத்துக்கொள் என்று சொன்னால் கேட்பதில்லை. அப்படி ஒரு பட்டப்படிப்பு உண்மையிலேயே இருக்கிறதா? படித்தால் வேலை கிடைக்குமா?
– ஒரு தாயார், விருதுநகர்

பதில்: இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் என்றால், திருச்சூர் அரணாட்டுக்கரையில் உள்ள கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளியைச் சொல்ல வேண்டும். மலையாள நாடகாசிரியர் ஜி. சங்கரப்பிள்ளை 1977இல் தொடங்கி வளர்த்த அந்தப் பள்ளியில் நாடகக் கலையில் இளங்கலைப் பட்டம் பெறலாம். பிற்காலத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறையை நடத்திய பேராசிரியர் சே. இராமானுஜம் அதற்கு முன் அங்கே பணியாற்றியவர் என்பதால், தமிழ் நாடகத்துக்கும் அந்த வளாகத்துக்கும் பழைய உறவு உண்டு. தொலைவைப் பொருட்படுத்தாவிட்டால் பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகமும் கொல்கத்தாவின் ரவீந்திர பாரதி பல்கலைக்கழகமும் இருக்கின்றன. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி முதுகலைப் படிப்புக்கே பெயர் பெற்றது. அதை இப்போது எண்ண வேண்டியதில்லை.

சேர்வதற்கு முன் தங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இது நடிப்புப் படிப்பு மட்டும் அன்று. குரல், உடல் பயிற்சிகளோடு, நாட்டிய சாஸ்திரத்திலிருந்து ரஷ்ய இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் வரையிலான கோட்பாடுகள், நாடகப் பிரதிகளை அலசும் முறை, இயக்கம், அரங்க அமைப்பு, ஒளியமைப்பு, ஒப்பனை, உடை, மேடை நிர்வாகம் என்று எல்லாவற்றையும் கற்க வேண்டும். அரங்க அமைப்பு வகுப்பில் பத்து மீட்டர் அகல மேடையை 25இல் ஒரு பங்காகச் சுருக்கி, நாற்பது சென்டிமீட்டர் அட்டை மாதிரியாகச் செய்யச் சொல்வார்கள். அதற்குள் ஏழு சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் அட்டை மனிதனை நிறுத்திப் பார்க்கும்போதுதான், வரைபடத்தில் கச்சிதமாகத் தெரிந்த வாசற்படி நடிகரின் இடுப்பளவுக்கு உயர்ந்து நிற்பது கண்ணில் படும். ஒத்திகைக் கூடத்தின் தரையில் வண்ண டேப் ஒட்டிச் சுவரும் கதவும் இருக்கும் இடங்களைக் குறிப்பதும், நாடகப் பிரதியின் ஓரத்தில் ஒவ்வொரு நடிகரின் நகர்வையும், எந்த வசனத்தில் எந்த விளக்கு ஏற வேண்டும் என்பதையும் பென்சிலால் எழுதிவைப்பதும் மாணவர்களின் வேலையே. மேடையில் ஒளி வட்டத்தில் நிற்பவர் ஒருவர் என்றால், இருட்டில் ஏணி மேல் ஏறி அந்த விளக்கைத் திருப்பி நிறுத்தியவர் இன்னொருவர். இந்தப் படிப்பில் மாணவர் முறை வைத்து இருவராகவும் இருந்தாக வேண்டும். பி.காம். படித்துக்கொண்டே மாலையில் ஒரு குழுவில் நடித்து நல்ல நடிகையாக வர முடியும். ஆனால் அரங்கின் முழுத் தொழிலையும் இவ்வளவு ஒழுங்காகக் கற்பது அரிது. பட்டப்படிப்பின் பயன் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

வேலையும் அதைப் பொறுத்ததே. நடிப்பை மட்டும் நம்பி வந்தவர் வாய்ப்புக்காகக் காத்திருக்கிறார். ஒளியமைப்போ மேடை நிர்வாகமோ கைவந்தவரை நாடகக் குழுக்களும், நடன நிகழ்ச்சி நடத்துவோரும், விழா அமைப்பாளர்களும் தேடி அழைக்கிறார்கள். நாடகத்தின் வழியே பாடம் சொல்லித்தரும் துறையும் உண்டு. டெல்லியின் தேசிய நாடகப் பள்ளி அதற்கென்றே 1989இல் ஒரு குழுவைத் தொடங்கியது. முதுகலை முடித்தால் நிகழ்கலைப் பாடத்தில் நெட் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியப் பணிக்கு முயலலாம். அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகப் பட்டம் என்றால், ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்று அறிவிக்கப்படும் அரசுத் தேர்வுகளுக்கும் தடையில்லை. சான்றிதழ் அல்லது டிப்ளமோ மட்டும் தரும் இடமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். மாதம் பிறந்தால் சம்பளம் என்ற உறுதி முதல் சில ஆண்டுகளில் இருக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மொழியையும் கணக்கில் கொள்ள வேண்டும். திருச்சூரில் புழங்குவது மலையாளம். வகுப்பைப் புரிந்துகொள்வதற்குச் சில மாதங்கள் போதும் என்றாலும், வசனம் பேசி நடிப்பதற்கு நாக்கு அவ்வளவு எளிதில் வளையாது. இலங்கையில், நம் பிளஸ் டூவுக்கு இணையான உயர்தர வகுப்பிலேயே ‘நாடகமும் அரங்கியலும்’ ஒரு பாடமாக இருப்பதால், அங்குள்ள மாணவர் அடிப்படையைத் தமிழிலேயே கற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறார். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே இந்தக் கோடை விடுமுறையில், மதுரையிலோ வேறு பக்கத்து ஊரிலோ இயங்கும் நாடகக் குழு ஒன்றில், நடிக்காமல் மேடைக்குப் பின்னால் மட்டும் ஒரு தயாரிப்பு முழுவதும் அவள் வேலை செய்யட்டும். அதற்குப் பிறகும் இதே பிடிவாதம் இருந்தால், தாங்கள் தடுக்க வேண்டாம்.

கேள்வி: நான் பி.காம். இறுதியாண்டு மாணவன். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் சேர விரும்புகிறேன். நாடகத்தில் பட்டம் பெறாதது குறையாகுமா?
– கல்லூரி மாணவர், கடலூர்

பதில்: ஆகாது. 1959இல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளியின் மூன்றாண்டு டிப்ளமோவுக்கு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அவர்கள் கேட்பது மேடை அனுபவத்தை. நடித்த நாடகங்களின் அழைப்பிதழ், புகைப்படம், சான்றிதழ் ஆகியவற்றை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். இந்தியும் ஆங்கிலமும் பயிற்றுமொழிகள் என்பதால், இந்தி தெரியாவிட்டால் இந்த ஆண்டே தொடங்கிவிடுவது நல்லது.

கேள்வி: சினிமாவில் நடிக்க நாடகப் பட்டம் உதவுமா?
– வாசகர், சென்னை

பதில்: உதவலாம், ஆனால் அதற்காகவே படிப்பது சுற்றுவழி. நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவில் பயிற்சி பெற்ற பசுபதி, கலைராணி போன்றோர் திரைக்கு வந்தது பட்டத்தால் அன்று, பல ஆண்டு மேடைப் பயிற்சியால். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பழக்கிய குரலையும் கையசைவையும் கேமராவுக்காக மறுபடி அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். சினிமாவே குறி என்றால், திரைப்படக் கல்லூரி விண்ணப்பத்தை முதலில் வாங்குங்கள்.