நாய்க்கு முதலில் இடம் பிடியுங்கள்: கேரவன் பயணக் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எங்கள் வாசலில் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு கேரவன், அதாவது காரின் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி, நிற்கிறது. அதைப் பார்த்தவர்கள் கோயிலில், கல்யாண வீட்டில், ஒருமுறை கருமாதியில்கூட என்னை நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். விடுமுறை நெருங்குவதால் இம்முறை கேள்விகளைச் சேர்த்துவைத்துப் பதில் எழுதுகிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு நாய்கள். கணவர் ஓட்டுவார், நான் திட்டம் போடுவேன். தகராறு இருவருக்கும் பொது.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய்: அக்கா, டிசம்பரில் டர்பனிலிருந்து கேப் டவுன் போக ஆசை. பிள்ளைகளுக்கு நான்கு வயதும் ஒன்பது வயதும். ஒரு லாப்ரடார் இருக்கிறது. திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

நாயிலிருந்து. சிரிக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளை எந்த முகாமும் வேண்டாம் என்று சொல்லாது, நாயைச் சொல்லும். க்ரூகர், அடோ, ட்சிட்சிகம்மா, பியூஃபோர்ட் வெஸ்ட் ஊரை ஒட்டிய கரூ பூங்கா என்று தேசியப் பூங்கா முகாம்கள் எதையும் நம்பி வழியைப் போடாதீர்கள். மிஞ்சுவது தனியார் கேரவன் பூங்காக்கள், நகராட்சிப் பூங்காக்கள், பண்ணைகள். அவற்றிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மற்ற மாதங்களில் நாயை வரவேற்கும் பல இடங்கள், குறிப்பாகக் கடற்கரையில் உள்ளவை, டிசம்பரிலும் ஈஸ்டரிலும் கதவைச் சாத்திவிடும்.

எங்களுக்கு இது பட்டுத் தெரிந்தது. ஒரு டிசம்பரில் மாலை ஐந்து மணிக்குக் கடற்கரைப் பூங்கா ஒன்றின் வாசலில் போய் நின்றோம். காவலாளி ஒன்றும் பேசவில்லை, பலகையைக் கைகாட்டினார். அன்றிரவு பெட்ரோல் நிலையத்தில் லாரிகளுக்கு நடுவே படுத்தோம். பிள்ளைகளுக்கு அது திருவிழாவாக இருந்தது. எனக்கு ஒரு நிமிடத் தூக்கம்கூட இல்லை.

ஆகவே தொலைபேசியில் நான்கு கேள்விகள் கேளுங்கள். நீங்கள் போகும் தேதியில் நாய்க்கு அனுமதி உண்டா? எத்தனை நாய், எவ்வளவு பெரியது வரை? சுற்றுவேலி இருக்கிறதா? கடைக்குப் போகும்போது நாயைக் கேரவனில் தனியாக விடலாமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்ட இடங்களை வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். வழியை அதன்பிறகு போடலாம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் லாப்ரடார் வயதானது, வண்டியில் வாந்தி எடுப்பது என்றால், அதற்குப் பழக்கமான தங்கை வீட்டில் விட்டுப் போவது துரோகமில்லை.

அதே தாய்: என் வீட்டுக்காரர் இரண்டே நாளில் கேப் டவுன் போய்விடலாம் என்கிறார்.

அவர் போகட்டும், நீங்கள் விமானத்தில் போங்கள். புளூம்ஃபொன்டெய்ன் வழியாக ஏறத்தாழ 1,640 கிலோமீட்டர். தனி ஆளாகக் காரில் இரண்டு நாளில் முடிக்கலாம்தான். கேரவனை இழுத்துக்கொண்டு, நான்கு வயதுப் பிள்ளையையும் நாயையும் வைத்துக்கொண்டு நடக்காது. எங்கள் கணக்கு ஒரு நாளைக்கு 350 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் இறங்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குள் கேரவனின் கால்களை இறக்கியிருக்க வேண்டும்.

நான் போடும் வழி இது. முதல் நாள் என்3 நெடுஞ்சாலை வழியாக வான் ரீனன் கணவாய் ஏறி ஹாரிஸ்மித், சுமார் 300. மறுநாள் பெத்லெகம் வழியாக புளூம்ஃபொன்டெய்ன், 330. அடுத்த நாள் வேண்டுமென்றே குறைத்து கோல்ஸ்பர்க், 225. நான்காம் நாள் கரூ என்னும் வறண்ட வெளியைக் கடந்து பியூஃபோர்ட் வெஸ்ட், 320. ஐந்தாம் நாள் வூஸ்டர், 350. ஆறாம் நாள் காலை ஹியூகனோ சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் பார்ல் பள்ளத்தாக்கு. சுரங்கம் 3.9 கிலோமீட்டர், 1988இல் திறந்தது. பிள்ளைகளை மூச்சடக்கச் சொல்லாதீர்கள், என் மகன் முயன்று பார்த்து முகம் சிவந்துபோனான்.

என்2 வழியாக ம்தாதா போகலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். கிழக்கு கேப்பின் அந்த மலைகள் கண்ணுக்கு விருந்து. ஆனால் வேலியில்லாத சாலை. வளைவு திரும்பினால் மாடு நிற்கும். கேரவனோடு போவதானால் பகலில் மட்டும், அவசரமில்லாமல்.

ப்ரிட்டோரியாவுக்குப் புதிதாக வந்த பொறியாளர்: ஊரிலிருந்து பெற்றோர் வருகிறார்கள். கேரவன் வாங்குவதைவிட மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுப்பது நல்லதா?

தம்பி, வீட்டில் நாய் இல்லையென்றால் வாடகைதான் நல்லது. நாய் இருந்தால் வாடகை நிறுவனங்களில் பெரும்பாலானவை தலையசைக்காது, முன்பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். மோட்டார் ஹோமில் ஒரு தொல்லை உண்டு. பால் வாங்கப் போனாலும் வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கேரவனைக் கழற்றி வைத்துவிட்டுக் காரில் போகலாம்.

உரிமத்தைப் பாருங்கள். 'பி' உரிமத்தில் 3,500 கிலோ வரையான வண்டியும், அதன் பின்னால் 750 கிலோ வரையான இழுவண்டியும்தான் ஓட்டலாம். நான்கு பேர் படுக்கும் கேரவன் அதைத் தாண்டிவிடும். அதற்கு 'ஈபி' வேண்டும். பெரிய மோட்டார் ஹோமுக்கு 'சி1'. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது இந்த அட்டையைத்தான்.

பீனிக்ஸிலிருந்து ஒரு தந்தை: பழைய கேரவன் வாங்கினேன். மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டினால் பின்னால் வாலாட்டுகிறது. டயர் புதிதாகத்தான் தெரிகிறது.

முதலில் எதை எங்கே அடுக்கியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். தண்ணீர்க் கேன், அரிசி மூட்டை, நாய்த் தீவனம், பிரியாணிச் சட்டி எல்லாம் பின்பக்கம் இருந்தால் முன்மூக்கு தூக்கிக்கொள்ளும், வால் ஆடும். கனமானவை சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக இருக்க வேண்டும். லேசானவை மேலலமாரியில். இழுகொக்கியின் மேல் போதுமான எடை இறங்க வேண்டும், ஆனால் காரும் கொக்கியும் தாங்கும் அளவை மீறக்கூடாது. அந்த அளவு இரண்டின் கையேட்டிலும் இருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. வான் ரீனன் இறக்கத்தில் எங்கள் கேரவன் ஆடத் தொடங்கியபோது பின்னால் இருபது கிலோ நாய்த் தீவனம் கிடந்தது. அடுக்கியது நான். கணவர் பிரேக்கை மிதிக்கவில்லை, ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிப் போராடவும் இல்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டார். வேகம் குறைந்ததும் ஆட்டம் நின்றது. இன்றுவரை அந்தத் தீவன மூட்டையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

டயர் புதிதாகத் தெரிவதை நம்பாதீர்கள். கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பூ அழியாமல் இருந்தாலும் அதை மாற்றிவிடுங்கள்.

டொங்காட்டிலிருந்து: ஓடும்போது பிள்ளைகள் கேரவனுக்குள் படுத்துத் தூங்கலாமா? நாயையாவது விடலாமா?

கூடாது. இரண்டுக்கும் அதே பதில். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காரில் குழந்தை இருக்கை 2015இலிருந்து சட்டப்படி கட்டாயம். நாய்க்கு மார்புப் பட்டை மாட்டி, அதை இருக்கைப் பட்டையோடு கோத்துவிடுங்கள்.

மெர்பேங்கிலிருந்து ஒரு பாட்டி: செப்டம்பர் விடுமுறை புரட்டாசியில் வருகிறது. நாங்கள் மாதம் முழுவதும் அசைவம் தொடமாட்டோம். கேரவன் பூங்காவில் சுற்றிலும் இறைச்சி சுடுவார்களே, எப்படிச் சமாளிப்பது?

அம்மா, எங்கள் வீட்டிலும் அதே விரதம்தான். சுற்றிலும் பூரவோர்ஸ் என்னும் தொத்திறைச்சி மணக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. காற்று வரும் திசையைப் பார்த்து இடம் கேளுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். பூங்காவின் சுடுகம்பி வலையை நான் தொடுவதே இல்லை. எத்தனை ஆட்டின் கொழுப்பு அதில் ஏறியிருக்குமோ! வீட்டிலிருந்து ஒரு வலையும் ஒரு தோசைக்கல்லும் வந்துவிடும். மக்காச்சோளம், வெள்ளிக்காகிதத்தில் சுற்றிய உருளைக்கிழங்கு, கத்தரிக்காய் சுட்டுக் கடைந்த துவையல் என்று எங்கள் நெருப்பைப் பார்த்துப் பக்கத்துக் கேரவன் ஆப்பிரிக்கானர் தாத்தா ஒருவர் தட்டோடு வந்துவிட்டார்.

வழிச்சாப்பாட்டுக்குப் புளிச்சாதம். முதல் நாளுக்கு அதற்கு மிஞ்சியது இல்லை. தயிர்சாதத்தை வெயிலில் நம்பாதீர்கள். கேரவன் குளிர்பெட்டி கேஸிலும் ஓடும் வகை என்றால் கேரவன் மட்டமாக நின்றால்தான் சரியாகக் குளிரும். மின்வெட்டு வந்தாலும் கவலையில்லை. ஆனால் ஓடும்போதும் பெட்ரோல் நிலையத்திலும் சிலிண்டரை மூடிவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. செப்டம்பர் என்றால் வசந்தம் என்று நினைத்துப் போர்வையைக் குறைக்காதீர்கள். 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3 மூடப்பட்டது. ஏராளமானோர் இரவு முழுவதும் வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள். புரட்டாசி பிறந்து நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது. அன்றிலிருந்து நான் ஆளுக்கொரு கம்பளியும், பத்து லிட்டர் தண்ணீரும், அவலும் வெல்லமும் காரிலேயே வைத்திருக்கிறேன். கேரவனில் வைத்தால் பனியில் இறங்கிப் போய் எடுக்க வேண்டும்.

லெனேசியாவிலிருந்து: நாய்க்கு என்னென்ன மருந்து எடுத்துப் போக வேண்டும்?

மருந்தைவிட முக்கியம் தடுப்பூசிப் புத்தகம். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி இங்கே சட்டப்படி கட்டாயம். மூன்று மாதத்தில் முதல் ஊசி, பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டாவது, பிறகு குறைந்தது மூன்று ஆண்டுக்கு ஒன்று. குவாசுலு-நாட்டாலிலும் கிழக்கு கேப்பிலும் இந்த நோய் நாய்களிடையே இருக்கிறது. தெருநாயைத் தடவ ஓடும் பிள்ளைக்கும் இதைச் சொல்லி வையுங்கள். கடி பட்டால், கீறல் பட்டாலும் சரி, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உண்ணி தினமும் பார்க்க வேண்டும், காது மடல், விரல் இடுக்கு, வாலடி. நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் கருத்துப் போனால் பிலியரி காய்ச்சலாக இருக்கலாம். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

கரூவில் இறங்கியதும் நாய் மூன்று காலில் நொண்டும். டுபெல்ஜி என்று அங்கே சொல்லும் முள். எடுத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் பாட்டி சொல்லும் நெருஞ்சிதான் அது! கடல் தாண்டினாலும் நம்மை விடவில்லை. ஒரு சிறு இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். கேப் கடற்கரையில் நாயை அவிழ்த்து விடுமுன் மணலைப் பாருங்கள். ஒதுங்கிக் கிடக்கும் பேத்தை மீனைத் தின்ற நாய் பிழைப்பது அரிது, அதன் நஞ்சு அப்படி.

நியூகாசலிலிருந்து: பிள்ளைகளுக்கு க்ரூகர் காட்ட வேண்டும், நாயும் கூட வருகிறது. வழியே இல்லையா?

வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், வண்டிக்குள் இருந்தாலும். பூங்காவுக்கு வெளியே நாயை ஏற்கும் முகாமில் தங்கி, ஒரு நாள் அப்பா பிள்ளைகளோடு உள்ளே போக, அம்மா நாயோடு இருக்கட்டும். மறுநாள் மாறிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு நாள் காடு. உங்களுக்கு ஒரு நாள் முழு அமைதி, அதன் மதிப்பு போனபின்தான் தெரியும். அப்பக்கம் மலேரியா உண்டு. செப்டம்பர் முதல் மே வரை போவதானால் பிள்ளைகளுக்கு மாத்திரை பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

ஐசிபிங்கோவிலிருந்து: என் மாமியாருக்கு 74 வயது, அவரும் வருகிறார். இரவில் கழிப்பறை?

கையடக்க ரசாயனக் கழிப்பறை வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். கீழ்ப்படுக்கை அவருக்கு. கேரவன் படி உயரம், கூடுதலாக ஒரு அகலமான படிக்கட்டை வாசலில் போடுங்கள். பக்கத்தில் நாயைக் கட்டாதீர்கள், இருட்டில் தடுக்கும்.

டர்பன் வடக்கிலிருந்து: முகாமில் குரங்குத் தொல்லை என்கிறார்களே, நாய் இருந்தால் வராதல்லவா?

வரும். எங்கள் பெரிய நாய் கறுப்பன் மரத்தடியில் நின்று குரைத்துக்கொண்டிருந்தபோது, இன்னொரு குரங்கு பின்பக்கச் சன்னல் வழியாக நுழைந்து வாழைப்பழத்தையும் என் முறுக்குப் பொட்டலத்தையும் எடுத்துப் போனது. வெர்வெட் குரங்கோடு நாய் மோதினால் கடிபடும். கேப் பக்கம் பபூன் என்றால் நாயையே கிழித்துவிடும். நாயைக் கட்டி வையுங்கள், சன்னலை மூடுங்கள், முறுக்கைக் காரில் வையுங்கள்.