அலை உடையும் இடத்தில் ஓர் அடுப்படி

பொருள்களையெல்லாம் நீக்கிவிட்டால் வெளி என்று ஒன்று மிஞ்சுமா, ஒன்றையொன்று தொடாத பொருள்கள் எப்படி ஒன்றையொன்று இயக்குகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். தத்துவத் தேர்வுக்குப் படிப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். இதே கேள்விக்குக் கல்லூரியில் நான் எழுதிய விடையைச் சிவப்பு மையால் அடித்து, 'கதை வேண்டாம்' என்று எழுதித் திருப்பித் தந்தார் ஆசிரியர். அந்தக் கதை இதுதான்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது என் அப்பத்தாவின் வீடும் போயிற்று. எனக்குப் பன்னிரண்டு வயதில் அங்கே அழைத்துச் சென்றவர், இடிந்த தேவாலயச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, பழைய தண்ணீர்த் தொட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கடலை நோக்கிக் கை நீட்டினார். "அந்தா, அலை உடையுது பாரு, அதான்யா நம்ம அடுப்படி."

1715, 1716ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயத் தத்துவவாதி கிளார்க்குக்கு எழுதிய கடிதங்களில் ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ், வெளி என்பது பொருள்கள் உடனிருக்கும் ஒழுங்கே என்றார். நியூட்டன் தரப்பில் நின்ற கிளார்க்கோ, பொருள்கள் இல்லாவிட்டாலும் வெளி இருக்கும் என்றார். சுவரையும் தொட்டியையும் கொண்டுதான் அப்பத்தா அடுப்படியைக் கண்டார். ஆகவே லைப்னிட்ஸே சரி என்று அன்று எழுதினேன். இன்று அப்படிச் சொல்லமாட்டேன். உறவுகளால் அறியப்படுவது உறவாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய இந்தியத் தத்துவப் பள்ளிகளுள் ஒன்றான வைசேடிகத்தைச் சேர்ந்தவர்கள், கிழக்கு மேற்கு, அருகு தொலைவு என்னும் வழக்கிலிருந்தே திசையை, அதாவது பொருள்களின் இடத்தைக் குறிக்கும் வெளியை, ஊகித்தறிகிறார்கள். ஆனாலும் அதை வெறும் உறவாக அன்றி, தனிப் பொருளாகவே எண்ணுகிறார்கள். மணிமேகலையின் 27ஆம் காதையில் அவர்களுடைய ஒன்பது பொருள்களுள் ஆகாயமும் திசையும் தனித்தனியே நிற்கின்றன. இத்தகைய கேள்வி தமிழில் எழுந்ததே இல்லை என்று வகுப்பில் சொன்னவரும் அதே ஆசிரியர்தான். நான் பழம்பெருமை பேசுவதாக நினைப்பவர்கள் அந்தக் காதையை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். வீட்டைக் கொண்டுபோன நீரைக் காற்று தொட்டுத் தள்ளியது. அதே நீரை நிலவு தொடாமலே அன்றாடம் ஏறவும் வற்றவும் செய்கிறது. இடையில் எதுவுமின்றி, வெற்றிடத்தின் வழியே ஒரு பொருள் இன்னொன்றை இயக்கும் என்பது பெரும் அபத்தம் என்று 1693இல் ஆங்கிலேய அறிஞர் பென்ட்லிக்கு எழுதியவர் நியூட்டனேதான். படைப்புப் பொருள்கள் ஒன்றையொன்று உண்மையில் இயக்குவதே இல்லை, முன்பே வகுத்த இசைவின்படி ஒவ்வொன்றும் தானே மாறுகிறது என்பது லைப்னிட்ஸின் முடிவு. புயலில் வீடிழந்த குடும்பத்தில் பிறந்த என் மனம் அதை ஏற்கவில்லை. பொருண்மை, காலமும் வெளியும் இணைந்த காலவெளியை வளைக்கிறது, அவ்வளைவின்படியே பொருள்கள் நகர்கின்றன என்று 1915இல் ஐன்ஸ்டைன் காட்டிய பிறகு, நிலவுக்கும் கடலுக்கும் நடுவே இருப்பதை வெறுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் கேள்விக்கான விடையை நான் மாற்றிக்கொண்டதும் இதனால்தான்.