இலங்கையின் காலித் துறைமுகத்தில் மூழ்கிய 'ஆவொன்ட்ஸ்டர்' ஒல்லாந்தர் கட்டிய கப்பலா?

இல்லை, அது ஆங்கிலேயர் கப்பல். 1653இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி அதைப் பிடித்து, அந்தி வெள்ளி என்று பொருள்படும் இந்தப் பெயரை வைத்தது. வயதான கப்பல், கடைசியில் ஆசியாவுக்குள்ளேயே சரக்கு ஏற்றி ஓட்டினார்கள்.

1659 நடுவில் காலித் துறைமுகத்தில் நாகப்பட்டினத்துக்குப் பாக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது நங்கூரம் நழுவியது. கப்பல் கரைப்பக்கம் ஒதுங்கி மணலில் தட்டி உடைந்தது. நடுக்கடலில்கூட இல்லை, கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்!

1993இல் கண்டுபிடித்தார்கள். அப்புறம் நடந்த அகழாய்வில் எனக்குப் பிடித்தது கப்பலின் சமையலறைதான்: செங்கல் அடுப்பு, மூன்றரை நூற்றாண்டு சேற்றுக்குள் கிடந்தும் குலையவில்லை. ஆனால் மேலே எடுத்த பொருள்களில் பலவற்றை 2004 சுனாமி திரும்பவும் கொண்டுபோய்விட்டது. அவற்றைப் பதப்படுத்திய கூடம் கடலோரத்திலேயே இருந்தது.