வால்வ் ப்ரீஅம்புக்கு 250 வோல்ட் ரெகுலேட்டட் சப்ளை: கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சுற்றைப் பற்றியவை: வால்வ் ப்ரீஅம்புக்கு (சின்ன ஒலிச் சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி), லைன் ஆடினாலும் ஆடாத 250 வோல்ட் டிசி கொடுக்கும் சப்ளை. அதனால் சுற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 240 வோல்ட், 60 மில்லி அம்பியர் செக்கண்டரி உள்ள ட்ரான்ஸ்போமர். 1என்4007 டயோட் நாலில் பிரிட்ஜ். 47 மைக்ரோ ஃபரட் 450 வோல்ட் கப்பாசிட்டர், 220 ஓம் 2 வாட் ரெசிஸ்டர், மறுபடி ஒரு 47 மைக்ரோ. இதுவரை வருவது ரோ சப்ளை, அதாவது இன்னும் ரெகுலேட் ஆகாத டிசி. 20 மில்லி அம்பியர் இழுக்கும்போது சுமார் 335 வோல்ட்.

அங்கிருந்து 47 கிலோ ஓம் இரண்டைத் தொடராகப் போட்டு, 51 வோல்ட் ஸெனர் (குறித்த வோல்ட்டில் பிடித்து நிற்கும் டயோட்) ஐந்தின் வரிசைக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். ஸெனர் உச்சியிலிருந்து 100 கிலோ ஓம், 10 மைக்ரோ 400 வோல்ட் ஃபில்ம் கப்பாசிட்டர். அதன் பிறகு 47 கிலோ ஓம் 1 வாட், 1 கிலோ ஓம், மொஸ்பெட்டின் கேட். அவுட்புட்டுக்குக் கரண்டை விடும் ட்ரான்சிஸ்டர் இந்த மொஸ்பெட்தான்; அது ஐஆர்எஃப்840. சோர்ஸில் 15 ஓம், அதற்கு அடுத்த முனைதான் அவுட்புட். கரண்ட் லிமிட்டுக்குச் சின்ன ட்ரான்சிஸ்டர் பிசி547; அதன் பேஸ் சோர்ஸுக்கு, எமிட்டர் அவுட்புட்டுக்கு, கலெக்டர் 47 கிலோவும் 1 கிலோவும் சந்திக்கும் இடத்துக்கு. கேட்டுக்கும் அவுட்புட்டுக்கும் இடையில் 15 வோல்ட் ஸெனர்.

காத்தான்குடி: காக்கா, 230ஐ நேரே பிரிட்ஜில போட்டா 325 வோல்ட் வருதே. மறுகா ட்ரான்ஸ்போமருக்கு ஏன் காசைக் கொட்டணும்?

ஆள் சாகாமல் இருக்க. ட்ரான்ஸ்போமர் இல்லையென்றால் ப்ரீஅம்பின் கிரவுண்ட் மெயின்ஸோடு ஒட்டியே இருக்கும். இன்புட் வயரின் ஷீல்ட், மைக்கின் உடம்பு, கிட்டார் கம்பி எல்லாமே லைவ் ஆகலாம். இதில் பேரம் பேச இடமில்லை, தம்பி.

ஏறாவூர்: 240 வோல்ட் ட்ரான்ஸ்போமர் கடையில இல்ல. 12 வோல்ட் ட்ரான்ஸ்போமர் ரெண்டை முதுகோடு முதுகு வைக்கலாமா?

வைக்கலாம். முதலாவது 230ஐ 12 ஆக்கும். இரண்டாவதைத் திருப்பிப் போட்டால் 12 திரும்ப மேலேறும். ஆனால் 230 வராது. சிறிய ட்ரான்ஸ்போமர்களில் முழு லோடில் 12 கிடைக்க வேண்டும் என்று செக்கண்டரியில் சில சுற்று கூட்டியே சுற்றியிருப்பார்கள். லோட் இல்லாமல் அளந்தால் 13.5 காட்டும். திருப்பிப் போடும்போது அந்தக் கூடுதல் சுற்று நமக்கு எதிராக வேலை செய்யும். கையில் வருவது 195, 200 வோல்ட் ஏசி; டிசியில் 275 சொச்சம். அதில் 250 ரெகுலேட் பண்ண ஏலாது. ஸெனர் ஒன்றைக் குறைத்து 200 வோல்ட்டில் வையுங்கள், ப்ரீஅம்ப் வால்வான 12ஏஎக்ஸ்7 நன்றாகவே பாடும்.

இரண்டாவதாக 9 வோல்ட் ட்ரான்ஸ்போமர் போட்டால் கூட வருமே என்று சிலர் கேட்பார்கள். வோல்ட் கூடும், கூடவே கோர் நிறைவுக்குப் போய் உறுமும், சூடாகும். வேண்டாம். முதலாவது 12 வோல்ட் 2 அம்பியராக இருந்தால் அதே 12 வோல்ட்டிலிருந்து வால்வின் ஹீட்டருக்கும் எடுத்துக்கொள்ளலாம். இந்த முறையின் உண்மையான லாபம் அதுதான்.

மோட்டர் வைண்டிங் கடையில் சொல்லிச் சுற்றுவிப்பவர்கள் பிரைமரிக்கும் செக்கண்டரிக்கும் நடுவில் ஒரு சுற்று செப்புத் தகடு கேளுங்கள். மெயின்ஸில் வரும் இரைச்சலை அது எர்த்துக்கு இறக்கும். தகட்டின் இரு முனையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறலாம், ஆனால் நடுவில் காப்புத்தாள் இருக்க வேண்டும். முனைகள் தொட்டால் அது ஷோர்ட் ஆன ஒரு சுற்று. பிளக்கைப் போட்டதும் ட்ரான்ஸ்போமர் புகையும்.

கல்முனை: பகலில் ஒரு சத்தமும் இல்ல. பின்னேரம் ஆறரைக்குப் பிறகு ஹம் வருது. கப்பாசிட்டர் மூன்று தரம் மாத்தியாச்சு சேர். செக்கண்டரி 220 வோல்ட்.

கப்பாசிட்டரில் பிழை இல்லை. எல்லா வீட்டிலும் லைட்டும் ஃபேனும் போடும் நேரம் லைன் வோல்ட் இறங்குகிறது. உங்கள் ரெகுலேட்டருக்கு மிச்ச வோல்ட் இல்லாமல் போகிறது.

கணக்கைப் பாருங்கள். 220ஐ 1.414ஆல் பெருக்கினால் 311. லைன் 205க்கு இறங்கினால் அது 277. பிரிட்ஜில் 2, 220 ஓமில் 4 போக 271. முதல் கப்பாசிட்டரில் ரிப்பிள் 20 மில்லி அம்பியருக்கு உச்சிக்கும் பள்ளத்துக்கும் 4 வோல்ட் அளவு; இரண்டாவது அதைச் சுருக்கினாலும் சராசரி இன்னும் 2 வோல்ட் இறங்கும். ட்ரான்ஸ்போமரின் சொந்த இழப்பையும் சேர்த்தால் 260க்கு வந்துவிடும். ஸெனர் வரிசை கேட்பதோ 255. 94 கிலோ ஓமுக்குக் குறுக்கே 5 வோல்ட்தான் மிச்சம் என்றால் ஸெனருக்குப் போவது 0.05 மில்லி அம்பியர். அந்த அளவில் ஸெனர் பிடிக்காது. ரோ ஆடினால் கேட்டும் கூடவே ஆடும், அந்த 100 ஹேர்ட்ஸ்தான் ஸ்பீக்கரில் கேட்கிறது.

மீட்டரில் உறுதி செய்ய, ஹம் வரும் நேரத்தில் ரோ சப்ளையையும் அவுட்புட்டையும் அளந்து கழியுங்கள். இடைவெளி 30 வோல்ட்டுக்குக் கீழே என்றால் காரணம் இதுவே. மருந்து மலிவு: 51 வோல்ட் ஸெனர் ஒன்றைக் கழற்றி 24 வோல்ட் போடுங்கள். அவுட்புட் 225க்கு வரும். 12ஏஎக்ஸ்7க்கு 250ஐ விட 225இல் ஒரு குறையும் தெரியாது. இலக்கத்தைப் பிடித்துத் தொங்குவதை விட, மிகக் குறைந்த லைன் வோல்ட்டிலும் ரெகுலேட்டருக்கு 30, 40 வோல்ட் மிச்சம் விடுவதே முக்கியம். புதிதாகச் செய்பவர்கள் 205 வோல்ட்டில் கணக்குப் போட்டு, 245 வோல்ட்டில் சூட்டையும் கப்பாசிட்டரின் தாங்கு வோல்ட்டையும் சரி பாருங்கள்.

சாய்ந்தமருது: 5 ஸெனரும் 51. மொஸ்பெட்டின் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில 4 போக அவுட்புட் 251 வரணும், எனக்கு 244தான் வருது. டூப்ளிகேட் ஸெனரா?

இல்லை. 1என்4757 போன்ற 1 வாட் ஸெனரின் 51 வோல்ட் என்பது 5 மில்லி அம்பியரில் அளந்தது. இங்கே ஓடுவது 0.85. ஒவ்வொன்றும் ஒரு வோல்ட்டளவு குறைவாகவே நிற்கும். அப்படியே விடுங்கள்.

கல்லடி: நான் கிட்டார் ப்ரீஅம்ப் செய்கிறேன். அவுட்புட்டை ஒருக்கா தவறுதலா ஷோர்ட் பண்ணினேன், மொஸ்பெட்டும் பிசி547ம் சேர்ந்து போயிட்டு. கரண்ட் லிமிட் இருந்தும் ஏன் அண்ணன்?

படத்தை அனுப்பியிருக்கிறீர்கள், தங்கச்சி. அதில் கேட்டுக்கு முன்னால் வர வேண்டிய 47 கிலோ ஓம் இல்லை. 10 மைக்ரோ கப்பாசிட்டர் 1 கிலோ ஓம் வழியாக நேரே கேட்டுக்குப் போகிறது, கலெக்டரும் கப்பாசிட்டர் பக்கத்திலேயே நிற்கிறது. அவுட்புட் தரைக்கு வந்ததும் பிசி547 கடத்தத் தொடங்கும். அந்தக் கணம் 250 வோல்ட் ஏறிய 10 மைக்ரோ முழுவதும் அதற்குள் கொட்டும். அது தாங்குவது 100 மில்லி அம்பியர். அது வெடித்துத் திறந்த பிறகு மொஸ்பெட்டைத் தடுக்க ஆளில்லை.

47 கிலோ ஓம் நடுவில் வந்தால் அதே கொட்டல் 5 மில்லி அம்பியருக்கு அடங்கும். 15 ஓமில் 0.65 வோல்ட் விழும் இடம் 43 மில்லி அம்பியர், அதுதான் எல்லை. ஷோர்ட் நீடித்தால் மொஸ்பெட்டில் 340 வோல்ட், 43 மில்லி அம்பியர், அதாவது 15 வாட் அளவு. சாதாரண ஓட்டத்தில் 2 வாட் கூட இல்லை. அதனால்தான் "சூடே இல்லையே" என்று சின்ன ஹீட் சிங்க் போடுகிறவர்கள் முதல் ஷோர்ட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். வாட்டுக்கு 5 பாகை அல்லது அதற்குக் குறைவான ஹீட் சிங்க் போடுங்கள். நம்மூர் வெக்கைக்கு 32 பாகை என்று வைத்தாலும் தாங்கும்.

1 கிலோ ஓமைக் கேட் காலிலேயே, சில மில்லிமீட்டருக்குள் பற்றவையுங்கள். தூரத்தில் இருந்தால் மொஸ்பெட் மெகா ஹேர்ட்ஸ் கணக்கில் துடிக்கும். பக்கத்தில் வைத்த ஏஎம் ரேடியோ இரையும், மீட்டர் ஒவ்வொரு தரமும் ஒவ்வொன்று காட்டும்.

சம்மாந்துறை: மொஸ்பெட்டை நேரா பெட்டியில திருகலாமா?

கூடாது. அதன் உலோக முதுகு டிரெயின்; அங்கே 340 வோல்ட் நிற்கிறது. மைக்கா அல்லது சிலிக்கன் தாள், திருகுக்குப் பிளாஸ்டிக் புஷ். திருகிய பிறகு, பவர் கொடுக்க முன், முதுகுக்கும் பெட்டிக்கும் இடையில் மெகா ஓம் ரேஞ்சில் அளக்க வேண்டும். துளையின் ஓரத்தில் பிசிறு இருந்தால் மைக்காவைக் குத்தும்; பெரிய ட்ரில் பிட்டைக் கையில் பிடித்து ஒரு சுழற்று சுழற்றிப் பிசிறை எடுங்கள்.

அக்கரைப்பற்று: எல்எம்317 வைத்து 250 வோல்ட் செய்யலாம் என்கிறார்களே?

செய்யலாம். நேஷனல் செமிகண்டக்டரின் மைக்கேல் மைடா 1980இல் எழுதிய குறிப்பிலிருந்து வந்த சுற்று அது. 317 என்ற ரெகுலேட்டர் ஐசி தரையைத் தொடாமல் மிதக்கும். அதன் முன்னால் ஒரு மொஸ்பெட் நின்று, 317இன் குறுக்கே எப்போதும் சில வோல்ட் மட்டும் இருக்கும்படி காக்கும். லைன் ஆட்டத்தை ஸெனர் சுற்றை விட நன்றாக அடக்கும். அவுட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் இடையில் 120 ஓம், அட்ஜஸ்ட்டிலிருந்து தரைக்கு 12 கிலோ ஓம் 5 வாட் இரண்டு தொடராக. 317 ஒழுங்காக வேலை செய்ய 10 மில்லி அம்பியர் போக வேண்டும். அந்த 24 கிலோவில் மட்டும் 2.5 வாட் வீணாகும். ஷோர்ட் ஆனால் சாகும் முதல் ஆளும் 317தான், அதனால் காப்பு டயோட்களைத் தவிர்க்க வேண்டாம். இரண்டு வால்வ் லைன் ப்ரீஅம்புக்கு மொஸ்பெட் சுற்றே போதும். இசைத்தட்டுக்கான ஃபோனோ ப்ரீஅம்புக்கு மைடாவின் சுற்றைப் பாருங்கள்.

வாழைச்சேனை: பழைய 0ஏ2 ரெண்டு கிடக்கு. ஸெனருக்குப் பதிலா?

0ஏ2 வாயு நிரப்பிய ரெகுலேட்டர் வால்வ்; 150 வோல்ட் வீதம் இரண்டும் 300. உங்கள் 335 ரோவில் அது பற்றிக்கொள்ளாது. ஒன்று பற்ற 180 வோல்ட் அளவு வேண்டும். ஒரு 0ஏ2வோடு 108 வோல்ட் 0பி2 ஒன்று சேர்த்தால் 258. ஓட்டம் 5க்கும் 30 மில்லி அம்பியருக்கும் இடையில் இருக்க வேண்டும். அதன் குறுக்கே 0.1 மைக்ரோவுக்கு மேல் கப்பாசிட்டர் போட்டால் அணைந்து அணைந்து எரியும். அழகுக்குப் போடலாம்.

பொத்துவில்: கடற்கரையில இருந்து முந்நூறு மீட்டர். வாடைக் காலத்தில கரகரவென்று சத்தம், கச்சான் அடிக்கும்போது இல்ல. என்ன காரணம்?

ஃபிளக்ஸும் உப்பும். பற்றவைத்த இடத்தில் மிஞ்சிய ஃபிளக்ஸில் உப்புக்காற்று படிந்து, ஈரம் ஏறும்போது அது ஒரு மெல்லிய ரெசிஸ்டராகிறது. 250 வோல்ட் தடமும் கேட் தடமும் அருகருகே போனால் கசிவு கேட்டில் குதிக்கும். ஐசோப்ரொபைல் அல்கஹோலும் பழைய பல் தூரிகையும் கொண்டு கழுவி, ஒரு நாள் காயவிட்டு, தெளிவான சர்க்யூட் லேக்கர் இரண்டு பூச்சு. உயர் வோல்ட் தடங்களுக்கு நடுவே 3 மில்லிமீட்டராவது விடுங்கள். வால்வ் சொக்கட்டின் கால்களையும் பாருங்கள்; அங்கே கறுத்திருந்தாலும் இதே சத்தம் வரும்.

மட்டக்களப்பு நகர்: ஹீட்டருக்கு ஏசி போதாதா? டிசி என்றால் எப்படி?

ஃபோனோ, மைக் என்றால் டிசி. 15 வோல்ட் ஏசி, பிரிட்ஜ், 4700 மைக்ரோ 35 வோல்ட், 12 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி 7812. அதன் தரைக்காலில் 1என்4007 ஒன்றைத் தொடராகப் போட்டால் 12.6 கிடைக்கும். 12ஏஎக்ஸ்7 இரண்டுக்கு 300 மில்லி அம்பியர். 7812இல் 2 வாட்டுக்கு மேல் சூடு வரும், அதற்கும் ஹீட் சிங்க்.

பலர் விட்டுவிடுவது, ஹீட்டர் சப்ளையைத் தரையிலிருந்து சில பத்து வோல்ட் உயர்த்திக் கட்டுவது. கதோட் ஃபோலோவரில் (கதோட்டிலிருந்தே அவுட்புட் எடுக்கும் கட்டம்) கதோட் 120, 150 வோல்ட்டில் நிற்கும். 12ஏஎக்ஸ்7இல் ஹீட்டருக்கும் கதோட்டுக்கும் இடையே தாங்குவது 180. 250இலிருந்து 220 கிலோ, 68 கிலோ ஓம் பிரிப்பான் போட்டால் நடுவில் 59 வோல்ட். அந்த முனைக்கு 10 மைக்ரோ 100 வோல்ட் கப்பாசிட்டர் போட்டு, ஹீட்டர் சப்ளையின் மைனஸை அதில் கட்டுங்கள்.

நிந்தவூர்: வீட்டில ட்ரிப் சுவிட்ச் இருக்கு. 250ஐத் தொட்டா அது விழுந்திடும்தானே?

விழாது. ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது லைனுக்கும் நியூட்ரலுக்கும் உள்ள வித்தியாசத்தை. ட்ரான்ஸ்போமரின் மறுபக்கத்தில் ஓடும் கரண்ட் அங்கேயே சுற்றித் திரும்பும். சுவிட்சுக்கு ஒன்றும் தெரியாது. ரோ கப்பாசிட்டர்களின் குறுக்கே 100 கிலோ ஓம் 1 வாட் இரண்டைத் தொடராக நிரந்தரமாகப் பற்றவையுங்கள். ஒரே ரெசிஸ்டராகப் போடக் கூடாது. கால் வாட் ரெசிஸ்டர் பல 250 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, வாட் கணக்கு சரியாக இருந்தாலும் வோல்ட்டில் வெடிக்கும். இரண்டு 47 மைக்ரோவும் 50 வோல்ட்டுக்குக் கீழே வர 40 விநாடியளவு எடுக்கும். ஒரு நிமிடம் பொறுத்து, மீட்டரால் அளந்து, அதன் பிறகு கை. பெட்டியை எர்த் பண்ணாமல் பவர் கொடுக்க வேண்டாம். ஹம் போகிறது என்று எர்த் வயரைக் கழற்றுவது கூடவே கூடாது.

திருக்கோவில்: முதல் தரம் ஒன் பண்ணுவது எப்படி?

வால்வ் இல்லாமல். மெயின்ஸில் தொடராக 40 வாட் இழைபல்ப் ஒன்று. எல்இடி பல்ப் இதற்கு உதவாது. பிரைமரியில் 250 மில்லி அம்பியர் ஸ்லோ ப்ளோ பியூஸ். அவுட்புட்டில் 5.6 கிலோ ஓம் 5 வாட் மூன்றைத் தொடராகக் கட்டுங்கள். 250 வோல்ட்டில் 15 மில்லி அம்பியர் ஓடும். ஒன் பண்ணியதும் பல்ப் மின்னி மங்க வேண்டும். முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே ஓஃப். டயோட் ஒன்று திரும்பியிருக்கும், அல்லது கப்பாசிட்டர். மங்கினால் அவுட்புட் சில விநாடியில் மெல்ல ஏறும். 250இல் நிற்காமல் 330க்குப் போனால் மொஸ்பெட் ஷோர்ட், அல்லது ஸெனர் வரிசையில் ஒன்று திறந்திருக்கிறது. மீட்டரின் கறுப்பு முனையைக் கிளிப்பால் தரையில் மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் அளங்கள். எல்லாம் சரியென்றால் பல்பைக் கழற்றி, அதே லோடோடு அரை மணி நேரம் ஓடவிட்டு, அதற்குப் பிறகு வால்வைச் செருகுங்கள்.