தன்னைத் தானே ஒட்டிக்கிற கான்கிரீட்: கொடைக்கானல் மலைக்காரங்க கேள்விகளும் என் பதிலும்

வில்பட்டியில இருந்து ஒருத்தர்: சார், விரிசல் விட்டா தானாவே மூடிக்கிற கான்கிரீட்னு வாட்ஸ்அப்ல வீடியோ சுத்துது. நிஜமா, டூப்பா?

நிஜம்தாங்க, ஆனா வீடியோல காட்டுற அளவுக்கு இல்ல. கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத சைஸ்ல குட்டி குட்டி கேப்ஸ்யூல், உள்ள ஒட்டுற மருந்து, பெரும்பாலும் சோடியம் சிலிகேட், சில பேர் எபாக்ஸிங்கிற பசை. இதை சிமென்ட்டோட கலந்து ஊத்திடுவாங்க. பின்னாடி விரிசல் ஓடும்போது அது கேப்ஸ்யூலையும் சேர்த்துக் கிழிச்சிடும், உள்ள இருக்கிற திரவம் அந்த இடுக்குல தானா இழுபட்டுப் போய், கான்கிரீட்ல ஏற்கனவே இருக்கிற சுண்ணாம்புச் சத்தோட சேர்ந்து கெட்டியான ஜெல்லா மாறிடும். 2001ல அமெரிக்காவுல இல்லினாய்ஸ் யுனிவர்சிட்டிக்காரங்க இந்த ஐடியாவை எபாக்ஸி பிளாஸ்டிக்ல செஞ்சு காட்டினாங்க, கான்கிரீட்காரங்க அதுக்கும் முன்னாடியே கண்ணாடிக் குழாய்க்குள்ள பசை வெச்சு ட்ரை பண்ணிட்டு இருந்தாங்க.

இதுல கஷ்டமே அந்த கேப்ஸ்யூலோட தோல்தான். மிக்சர்ல ஜல்லியோட உருளும்போது உடையக்கூடாது, ஆனா நாளைக்கு மயிரிழை விரிசல் வந்தா உடனே உடையணும். கேம்பிரிட்ஜ்ல ஜெலட்டின், கருவேலம் பிசின் வகையறா வெச்சு ஒரு தோல் பண்ணாங்க, ஈரமா இருக்கும்போது ரப்பர் மாதிரி வளையும், காஞ்சதும் வடகம் கணக்கா நொறுங்கிடும். எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

குறைன்னு பார்த்தா, கேப்ஸ்யூல் ஒரு தடவை உடைஞ்சா உடைஞ்சதுதான், அதே இடத்துல மறுபடி விரிசல் வந்தா மருந்து இருக்காது. அதிகமா போட்டா கான்கிரீட்டோட பலம் குறையும். மூடுறதும் மயிரிழை விரிசலைத்தான். கான்கிரீட்டுக்கான நம்ம நாட்டு விதிமுறை ஐஎஸ் 456 சாதாரண இடத்துக்கு அனுமதிக்கிற விரிசலே 0.3 மில்லிமீட்டர், அதாவது ஜெராக்ஸ் பேப்பர் மூணு தாள் கனம், இந்த கேப்ஸ்யூல் விளையாடுறதெல்லாம் கிட்டத்தட்ட அந்த ரேஞ்சுலதான்.

பண்ணைக்காடு: வீட்டுக்குப் பின்னாடி தடுப்புச் சுவர்ல விரல் நுழையுற அளவு விரிசல். இந்த கேப்ஸ்யூலை வாங்கி உள்ள அடைச்சா சரியாகுமா?

ஆகாது. முதல்ல இது கான்கிரீட் ஊத்தும்போதே கலக்குற சமாச்சாரம், பழைய சுவத்துக்கு அப்புறமா திணிக்க முடியாது. அதை விடுங்க, விரல் நுழையுதுன்னா அது சுவரோட வியாதியே இல்ல, பின்னாடி மண்ணு தள்ளுது. ஐப்பசி கார்த்திகை மழையில மலை மண்ணு தண்ணிய குடிச்சு கனமாகி, தண்ணி வெளிய போக வழியில்லாம சுவத்தை முட்டித் தள்ளும், அதுக்கு எந்த மருந்தும் ஒட்டாது. சுவர்ல தண்ணி வடியுற ஓட்டை இருக்கா, இருந்தா செடி வேரும் மண்ணும் அடைச்சிருக்கான்னு பாருங்க. சுவத்துக்குப் பின்னாடி ஜல்லி நிரப்பாம வெறும் மண்ணைத் தள்ளி மூடியிருந்தா ஓட்டை இருந்தும் பிரயோஜனமில்ல. மேல இருந்து வர்ற ஓடைத் தண்ணிய சுவத்துக்கு வராம திருப்பி விடுங்க. விரிசல் மேல குறுக்க ஒரு சின்ன கண்ணாடித் துண்டை சிமென்ட் வெச்சு ஒட்டி தேதி எழுதுங்க, அது உடைஞ்சா சுவர் இன்னும் நகருதுன்னு அர்த்தம், உடனே ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. ஏற்கனவே முன்னாடி சாஞ்சிருந்தா கண்ணாடி ஒட்டிட்டு உக்காந்திருக்க வேணாம், மழைக்காலத்துல அந்தப் பக்க ரூம்ல யாரும் படுக்காதீங்க.

வெளிநாட்டுலயும் தடுப்புச் சுவர்ல இந்த கேப்ஸ்யூலைப் பரிசோதிச்சிருக்காங்க, 2015 வாக்குல வேல்ஸ்ல ஏ465 ரோட்டு வேலையில கார்டிஃப் யுனிவர்சிட்டி டீம் சோதனைச் சுவர் கட்டி, வேணும்னே விரிசல் விட வெச்சுப் பார்த்தாங்க. அவங்க மூடப் பார்த்ததும் சின்ன விரிசலைத்தான், சரியுற மலையை இல்ல.

நாயுடுபுரம்: சோடியம் சிலிகேட் கெமிக்கல் கடையிலயே கிடைக்குதே, நேரா கலந்துட்டா?

கொத்தனார் உங்களைத் திட்டுவார். சட்டி இறக்குறதுக்குள்ள கலவை இறுகிடும். அதைத் தடுக்கத்தானே கேப்ஸ்யூலுக்குள்ள பூட்டி வெக்கிறாங்க.

பூம்பாறை: பாக்டீரியா கான்கிரீட்னு ஒண்ணு இருக்காமே, நம்ம குளிருக்கு ஆகுமா?

நெதர்லாந்துல டெல்ஃப்ட் யுனிவர்சிட்டியில ஹெங்க் யோங்கர்ஸ்னு ஒருத்தர் கொண்டுவந்தது. தூங்குற பாக்டீரியா விதையும் அதுக்குத் தீனியா கால்சியம் லாக்டேட்டும் உள்ள இருக்கும், விரிசல் வழியா தண்ணி போனா முழிச்சு சுண்ணாம்புக்கல்லா கக்கும். உயிருள்ளதுங்க, குளிர்ல மந்தமாத்தான் வேலை செய்யும், மார்கழி உறைபனியில அதுகிட்ட ஒண்ணும் எதிர்பார்க்காதீங்க.

பெருமாள்மலை: தண்ணித் தொட்டிக்கு "செல்ஃப் ஹீலிங்"னு போட்ட பவுடர் கடையில விக்கிறாங்க. இதான் அதா?

இது வேற, கேப்ஸ்யூல் இல்ல. பெரும்பாலும் கிரிஸ்டலைன்னு சொல்ற வகை, தண்ணி பட்டா நுண்துளைக்குள்ள படிகம் வளர்ந்து அடைக்கும். தொட்டிக்கு நல்லதுதான், வாங்கலாம். ஆனா குளிருதுன்னு சொல்லி க்யூரிங்கை ரெண்டு நாள்ல நிறுத்திட்டு பவுடரை நம்புறது வீண் செலவு. இப்ப வர்ற பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமென்ட்டுக்கு பத்து நாளாவது ஈரம் காயாம பார்த்துக்கணும், இங்க குளிர்ல இறுக இன்னும் நேரம் எடுக்கும், ராத்திரி சாக்கு போட்டு மூடி வைங்க.

செண்பகனூர்: தாத்தா காலத்து கல் வீடு, சுண்ணாம்புக் கலவை. சின்னச் சின்ன விரிசல், சிமென்ட் பூசிடலாமா?

வேணாம். அந்தச் சுண்ணாம்பே கொஞ்சம் தானா ஆறும், மழை ஈரத்துல கரைஞ்சு விரிசல்ல போய் மறுபடி படியும். சிமென்ட் பூசினா ஈரம் உள்ளயே மாட்டிக்கிட்டு ஓதம் ஏறும். சுண்ணாம்புலயே ஒட்டுப் போடுற வயசான மேஸ்திரி யாராவது பக்கத்துல இருந்தா கூப்பிடுங்க.