இல்லாத இளவரசனைத் தேர்வில் எழுதிய மகன்

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். 'ஸ்டீம்பங்க்' என்ற வகை ஆங்கில சாகச நாவல்களை விடாமல் வாசிக்கிறான். அரையாண்டுத் தேர்வில் முதல் உலகப் போர் பற்றிய வினாவுக்கு, சரயேவோவில் கொல்லப்பட்ட ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டின் மகன் அலெக்சாண்டர் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் சென்றான் என்று எழுதி மதிப்பெண்ணை இழந்துவிட்டான். பொதுத்தேர்வு முடியும்வரை இந்தப் புத்தகங்களைக் கையில் கொடுக்க வேண்டாம் என்கிறார் ஆசிரியர். நான் என்ன செய்யட்டும்?
— ஒரு தாய், திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பொதுத்தேர்வு ஆண்டில் இப்படி நேர்ந்தால் எந்தத் தாய்க்கும் கலக்கமாகத்தான் இருக்கும். ஆயினும் புத்தகங்களைப் பிடுங்கி வைக்க வேண்டாம் என்றே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மகன் எழுதியது, ஸ்காட் வெஸ்டர்ஃபெல்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2009-இல் வெளியிட்ட 'லெவையதன்' நாவலின் கதை. அதில் 1914-ஆம் ஆண்டின் ஐரோப்பா இரண்டாகப் பிரிந்து நிற்கிறது: ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் கால் முளைத்த போர் எந்திரங்களைக் கட்டுகின்றன, பிரிட்டன் உயிரினங்களைக் கலந்து போர் விலங்குகளை வளர்க்கிறது. திமிங்கிலத்திலிருந்து உருவாக்கப்பட்ட உயிருள்ள வான்கப்பல் ஒன்றில், ஆண்பிள்ளை வேடமிட்டு வேலைக்குச் சேர்ந்த டெரின் என்ற பெண்ணும், நாட்டைவிட்டு ஓடிவந்த அந்த அலெக்சாண்டரும் சந்திக்கிறார்கள். கீத் தாம்ப்சன் வரைந்த கறுப்பு வெள்ளை ஓவியங்கள் அந்த உலகத்தை ஒரு பழைய பத்திரிகையின் சாட்சியம்போலக் கண்முன் நிறுத்துவதால், பதினைந்து வயதில் அதை நம்பிவிடுவதில் வியப்பே இல்லை.

நீராவி யுகத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டு, ஓர் இடத்தில் அறுத்து, அங்கிருந்து வேறு துணியைத் தைத்துக்கொண்டு போவதுதான் இந்த ஸ்டீம்பங்க் வகை. (பெயர் பிறந்தது 1987-இல், கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற எழுத்தாளர் 'லோகஸ்' இதழுக்கு எழுதிய கடிதத்தில்.) தையல் எங்கே விழுந்திருக்கிறது என்று தெரிந்தவனுக்கே இந்தக் கதைகளின் முழுச் சுவையும் கிடைக்கும், அது தெரியாமல் வாசிப்பவன் பாதியைத்தான் வாசித்திருக்கிறான். ஆகவே உங்கள் மகனுக்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் வரலாறு. அந்த நாவலின் கடைசியில், எது நடந்தது, எது தான் கற்பித்தது என்று ஆசிரியரே பிரித்துச் சொல்லும் பின்னுரை இருக்கிறது. கதை முடிந்ததும் பலர் மூடிவைத்துவிடும் பக்கங்கள் அவை. இன்று மாலையே அதை அவனோடு சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள்.

பிறகு உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள். பிரான்ஸ் ஃபெர்டினாண்டுக்கு மூன்று பிள்ளைகள்: சோஃபி, மாக்சிமிலியன், எர்ன்ஸ்ட். தாய் அரச குலத்தவர் அல்லர் என்பதால் அவர்களுக்கு அரியணையில் உரிமை கிடையாது என்பது திருமணத்தின்போதே முடிவாகியிருந்தது. 1914 ஜூன் 28 அன்று ஒரே நாளில் பெற்றோர் இருவரையும் இழந்த அந்தப் பிள்ளைகளில், இரு சகோதரர்களையும் 1938-இல் நாஜிகள் டாஹாவ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். இதை ஒருமுறை கேட்டுவிட்ட பிள்ளை, கதையில் வரும் இளவரசனையும் உண்மையான அந்தச் சகோதரர்களையும் இனி ஒருபோதும் குழப்பிக்கொள்ள மாட்டான். அலெக்சாண்டரை ஏன் ஓர் எழுத்தாளர் தப்பிக்க வைக்க விரும்பினார் என்பதும் அவனுக்கே விளங்கும்.

அடுத்து என்ன வாங்கித் தரலாம் என்றால், கனடாவைச் சேர்ந்த கென்னத் ஓப்பல் எழுதிய 'ஏர்பார்ன்' (2004) என்பேன். ஆகாயக் கப்பலில் பணிபுரியும் மேட் என்ற சிறுவனின் கதை, மொழியும் எளிது. அந்தக் கப்பலைத் தூக்கிப் பிடிப்பது ஹைட்ரஜனையும்விட இலேசான, மாம்பழ வாசனை வீசும் ஒரு கற்பனை வாயு. இங்கே அவனுடைய அறிவியல் பாடம் உதவிக்கு வரும்: ஒரே ஒரு புரோட்டானைக் கொண்ட ஹைட்ரஜனைவிட இலேசான வாயு ஏன் இருக்க முடியாது என்று அவனிடம் கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறத்தாழ 1.1 கிலோ எடையைத்தான் தூக்கும் என்பதால், 1937-இல் நியூ ஜெர்சியில் எரிந்து விழுந்த ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மானிய ஆகாயக் கப்பல் 245 மீட்டர் நீளத்துக்கு வளர வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய வயிற்றைச் சுமந்தும் அந்தக் கடைசிப் பயணத்தில் அதில் இருந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. ஓப்பல் ஏன் புதிய வாயு ஒன்றைக் கண்டுபிடித்தார் என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

ஒன்றில் மட்டும் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இந்த நாவல்களில் பல, பித்தளையின் பளபளப்பைக் காட்டுகிற அளவுக்குக் கொதிகலன் அறையைக் காட்டுவதில்லை. பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்களில் கரி அள்ளிப் போட்டவர்களில் 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகள் ஏராளம். இந்த வகைக்கு முன்னோடியான ஜூல்ஸ் வெர்ன் 1880-இல் எழுதிய ஒரு நாவலில், நீராவியால் நடக்கும் இரும்பு யானை ஒன்று கல்கத்தாவிலிருந்து இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு வட இந்தியாவைச் சுற்றி வருகிறது. அருமையான கற்பனைதான், ஆனால் 1857-இல் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற நானா சாகிப் அதில் வில்லன். எந்த எந்திரத்தைக் கண்டாலும், இதற்குக் கரி போட்டவர் யார், யாருடைய பக்கத்திலிருந்து இந்தக் கதை சொல்லப்படுகிறது என்று கேட்கும் பழக்கத்தை அவனுக்கு ஊட்டுங்கள்.

நண்பர்கள் பேசிக்கொள்ளும் ஃபிலிப் ரீவின் 'மார்ட்டல் எஞ்சின்ஸ்' (2001) நாவலையும் அவன் கேட்பான். லண்டன் நகரமே சக்கரங்களில் ஏறி, வற்றிப்போன வட கடலின் தரையில் சிறிய ஊர்களைத் துரத்தி விழுங்குகிற கதை அது. என் மனதுக்கு இவை எல்லாவற்றிலும் நெருக்கமானது அதுதான் என்றாலும், சாவும் துரோகமும் மலிந்தது. நான்கு பாகங்களாக நீளுவதும்கூட. பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் கொடுக்கலாம். அதற்குள் முதல் பாகத்தை நீங்கள் படித்து முடித்துவிட்டால், நள்ளிரவில் கதவைத் தட்டி அவன் பேச வரும்போது உங்களுக்கும் பேச விஷயம் இருக்கும்.