சின்ன ஆலைகள் தயாரிக்கும் கிராஃப்ட் பீரைச் சுவைக்க பப்களுக்கும் பீர் திருவிழாக்களுக்கும் போயிருக்கிறீர்களா? அனுபவம் எப்படி இருந்தது?

போயிருக்கிறேன். வேலை காரணமாக ஏழு வருடமாக இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருக்கிறேன். எஃகுக்குப் பேர்போன ஊர், இப்போது பீருக்கும். இங்கே இருந்துகொண்டு போகாமல் இருப்பதுதான் கஷ்டம். ஆனால் முதல் முறை குடித்தபோது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகத்து ஆட்கள் பப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கையில் கொடுத்த கிளாஸில் செம்பழுப்பாக ஏதோ இருந்தது. ஒரு வாய் குடித்தேன். ஜில்லென்று இல்லை, நாக்கில் சுருக்கென்று கேஸ் ஏறவில்லை, கசப்பு மட்டும் நின்றது. நம் ஊரில் பீர் என்றாலே முதல் கேள்வி 'கூலிங் இருக்கா?' என்பதுதானே. இது வெளியே வைத்து மறந்துபோன பீர் என்றே நினைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டு, இது நிலவறையின் குளிர்ச்சி, இதற்கு மேல் குளிர்ந்தால் வாசனையே தெரியாது என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மரியாதைக்காக முடித்தேன்.

அன்று நான் குடித்தது காஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே பக்குவமாகும் பீர். விஷயம் இதுதான்: நாம் பாட்டிலில் குடிக்கும் சாதாரண லாகர் ஆலையிலேயே வடிகட்டப்பட்டு, சூடுபடுத்தப்பட்டு, கேஸ் ஏற்றப்பட்டு வருகிறது. அதில் ஈஸ்ட் இல்லை, ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் ஏறக்குறைய அதே பீர்தான். காஸ்க்கில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. பீப்பாய் பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் நொதித்தல் நடந்துகொண்டே இருக்கும். பீப்பாயைப் படுக்கப் போட்டு, மேலே உள்ள துளையில் மரக்குச்சி ஒன்றைச் செருகி, தேவையான அளவுக்குக் காற்றை வெளியேற விட்டு, வண்டல் அடியில் படியும் வரை காத்திருந்து, அப்புறம்தான் கையால் இழுக்கும் பம்பில் இணைப்பார்கள். வெப்பநிலை 11 முதல் 13 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சாதாரணமாகப் பார்க்கும் பீப்பாய்க்கு ஃபிர்கின் என்று பெயர். 9 கேலன், அதாவது சுமார் 41 லிட்டர். பீர் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகும். அதனால் திறந்த மூன்று நாளைக்குள் விற்றுத் தீர வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு உடுமலைப் பக்கத்து அம்மா வழித் தாத்தா ஞாபகத்துக்கு வந்தார். 1987இல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தது. அதற்கு முந்தைய காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "காலையில எறக்குன கள்ளு வேற, பொழுது சாஞ்சு குடிக்கிற கள்ளு வேற கண்ணு" என்பார். மரம் ஒன்றுதான், பானை ஒன்றுதான், நேரம்தான் வேறு. ஷெஃபீல்டு பப்பில் புரியாத விஷயம் தாத்தா வழியாகப் புரிந்தது. அதற்குப் பிறகு கூலிங்கைத் தேடுவதை விட்டுவிட்டேன்.

அதனால்தான், எந்த பீர் நல்ல பீர் என்று என்னிடம் கேட்டால் பிராண்டு பெயர் சொல்லத் தயங்குவேன். எந்த பப்பில், எந்த நாளில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். செய்தவர் பாதி, நிலவறையில் பார்த்துக்கொள்பவர் பாதி. ஒரே பீரை ஒரே வாரத்தில் இரண்டு பப்பில் குடித்து, இரண்டும் வேறு பீரோ என்று சந்தேகப்பட்டிருக்கிறேன். கவுண்டரில் பத்துப் பன்னிரண்டு பம்புகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து மயங்காதீர்கள். கூட்டமில்லாத கடையில் பன்னிரண்டு பம்பு இருந்தால் பீர் தேங்குகிறது என்று அர்த்தம். அங்கே நான் ஒன்றும் குடிக்க மாட்டேன்.

இந்த ஊரின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உலைக்கு முன்னால் வியர்த்துக் கொட்டிய தொழிலாளர்களை மனதில் வைத்து 1948இல் வந்ததுதான் ஸ்டோன்ஸ் பிட்டர் என்ற பீர். 1999இல் அது தயாரான கேனன் ஆலையும், ஊரின் இன்னொரு பெரிய ஆலையான வார்ட்ஸும் மூடப்பட்டன. ஆனால் அதற்கு முன்பே டேவ் விக்கெட் என்பவர் 1981இல் கெல்ஹாம் ஐலண்ட் பகுதியில் ஒரு பழைய பப்பை வாங்கி 'ஃபேட் கேட்' என்று பெயர் வைத்து, சின்னச் சின்ன ஆலைகளின் பீரை வரவழைத்து விற்றார். 1990இல் பக்கத்திலேயே சொந்த ஆலை தொடங்கினார். அங்கே தயாரான பேல் ரைடர் 2004இல் பிரிட்டனின் சாம்பியன் பீராகத் தேர்வானது. 2005இல் தார்ன்பிரிட்ஜ் ஆலை தொடங்கியதிலும் அவர் பங்கு உண்டு. 2012இல் மறைந்தார். அவருடைய ஆலை 2022இல் மூடும் நிலைக்கு வந்தபோது, பேல் ரைடரைத் தொடர்ந்து தயாரிக்க முன்வந்தது அதே தார்ன்பிரிட்ஜ்தான்.

தார்ன்பிரிட்ஜின் புகழ்பெற்ற பீரின் பெயர் ஜெய்ப்பூர். ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) வகை, ஆல்கஹால் 5.9 சதவீதம். பெயரைப் பார்த்து உரிமையோடு ஒரு பைண்ட் வாங்கினேன். ஐபிஏ என்பதில் உள்ள 'ஐ' நம் இந்தியாதான். கிழக்கு லண்டனின் 'போ' என்ற பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலையிலிருந்து, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்காகப் போன பீரின் வழித்தோன்றல். ஜெய்ப்பூரில் நான் கண்டது வேறு. முகர்ந்தால் நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினாற்போல ஒரு வாசனை. குடித்தால் முதலில் தேன் மாதிரி லேசான இனிப்பு, பின்னாலேயே கசப்பு. சுண்டைக்காய் வற்றலும் வேப்பம்பூ ரசமும் சாப்பிட்டு வளர்ந்தவனுக்குக் கசப்பு என்ன புதிதா? சோற்றில் ரசித்ததைக் கிளாஸில் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த வாசனையும் கசப்பும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வருகின்றன. இனிப்பும் நிறமும் முளைகட்டிய பார்லியிலிருந்து. பார்லியைக் கருக வறுத்தால் போர்ட்டர், ஸ்டவுட் என்ற கறுப்பு பீர்கள். நல்ல போர்ட்டர் ஒன்றைக் குடித்தபோது இரண்டாம் டிகாக்‌ஷனில் கருப்பட்டி போட்ட காபிதான் நினைவுக்கு வந்தது.

இனி திருவிழா. இங்கே பீர் திருவிழா என்றால் மேடை, டிஜே, வண்ண விளக்கு என்று கற்பனை செய்ய வேண்டாம். பலவற்றை நடத்துவது கேம்ரா என்ற நுகர்வோர் அமைப்பு. பெரிய கம்பெனிகள் காஸ்க்கை ஒழித்துவிட்டு கேஸ் ஏற்றிய கெக் பீரை எங்கும் திணித்த காலத்தில், 1971இல் நான்கு இளைஞர்கள் தொடங்கியது. கவுண்டரில் ஊற்றிக் கொடுப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள். ஷெஃபீல்டு கிளையின் திருவிழா அக்டோபரில். நான் போனபோது அது கெல்ஹாம் ஐலண்ட் அருங்காட்சியகத்தில் நடந்தது. அங்கே 1905இல் செய்த ரிவர் டான் எஞ்சின் நிற்கிறது. 12,000 குதிரைத் திறன், போர்க்கப்பல்களுக்கான கவசத் தகடுகளை உருட்டிய நீராவி எஞ்சின். மூன்றாள் உயர இரும்பையும் பீப்பாய் வரிசையையும் ஒரே நேரத்தில் பார்க்கும்போது, எதற்காக வந்தோம் என்பது ஒரு நிமிடம் மறந்துபோகும்.

வாசலில் ஒரு கிளாஸ் தருவார்கள். அதில் மூன்று கோடுகள்: மூன்றில் ஒரு பங்கு, அரை, முழு பைண்ட். முழு பைண்ட் 568 மில்லி. திருவிழாவில் முழுசாக வாங்குவது அசட்டுத்தனம். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 190 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு, அதுதான் சரி. அதையே ஆறு வாங்கினால் இரண்டு பைண்ட் கணக்குதான், ஆனால் ஆறு பீர் பார்த்தாயிற்று. இலேசானதிலிருந்து அடர்த்திக்குப் போக வேண்டும். 8 சதவீத ஸ்டவுட்டில் ஆரம்பித்தால், அப்புறம் 3.5 சதவீத மைல்டு என்ற மென்மையான பீர் வெறும் தண்ணீராகத்தான் தெரியும். நான் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, நல்ல மைல்டு ஒன்றை அநியாயமாகத் திட்டியிருக்கிறேன். யாராவது கிளாஸைக் கீழே போட்டு உடைத்தால் மொத்தக் கூட்டமும் 'ஓ...' என்று ஆரவாரம் செய்யும். முதல் முறை ஏதோ தகராறு என்று பயந்துவிட்டேன்.

லண்டனின் ஒலிம்பியா அரங்கத்தில் 2023இல் இதே அமைப்பு நடத்திய பெரிய திருவிழாவுக்கும் போனேன். 1977இல் தொடங்கியது, பெயர்பெற்றது, எல்லாம் சரி. ஆனால் ரயில் நிலையத்தில் நின்று குடித்த மாதிரி இருந்தது. பெரிதைவிட ஊர்த் திருவிழாதான் என் கட்சி. அங்கே நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால், ஊற்றித் தருபவர் நின்று பேசுவார். எது இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்று சொல்வார். சனிக்கிழமை மாலை போனால் கூட்டமும் இருக்கும், நல்லதெல்லாம் தீர்ந்தும் போயிருக்கும்.

பப்புக்கு முதல்முறை போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும்: மேசைக்கு யாரும் வரமாட்டார்கள், நாமே கவுண்டருக்குப் போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வரிசை ஒன்று அங்கே உண்டு. அடுத்து யார் என்பது ஊற்றுபவருக்குத் தெரியும், கையை ஆட்டினால் முறைப்பார். பம்பில் மாட்டியிருக்கும் பெயர் அட்டை திரும்பியிருந்தால் அந்த பீர் தீர்ந்துவிட்டது. தயங்காமல் ருசி பார்க்கக் கேளுங்கள், பெரும்பாலான இடங்களில் சின்ன கிளாஸில் ஒரு வாய் இலவசமாகத் தருவார்கள். ஷெஃபீல்டுக்கு ரயிலில் வந்தால் வெளியே போகக்கூட வேண்டாம். நிலையத்திலேயே பழைய சிற்றுண்டி அறையைப் புதுப்பித்து 2009இல் திறந்த ஷெஃபீல்டு டேப் என்ற பப் இருக்கிறது. சுவர் ஓடுகளைப் பார்க்கவே போகலாம்.

ஒரு முறை இன்னொரு ஊரில், பெயர் வேண்டாம், ஒரு பப்பில் வாங்கிய பைண்ட் வினிகர் மாதிரி புளித்தது. காசு கொடுத்து வாங்கியதைத் திருப்பித் தருவதா என்று கூச்சம். கால்வாசி குடித்தும்விட்டேன். பக்கத்தில் நாயோடு உட்கார்ந்திருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கிளாஸை வாங்கி முகர்ந்தார், தானே கவுண்டருக்கு எடுத்துப் போனார். ஊற்றியவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வேறு பீர் கொடுத்து, அந்தப் பம்பின் அட்டையைத் திருப்பி வைத்தார். கெட்ட பீரைச் சொல்லாமல் குடிப்பதுதான் இங்கே மரியாதைக் குறைவு போலிருக்கிறது.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காஸ்க் பீரைத் தெளிய வைக்க ஐசிங்ளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது வழக்கம். அது மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. வண்டலோடு அடியில் போய்விடும் என்பார்கள். என் நண்பன் ஒருவன், வீட்டில் முட்டைகூட நுழையாது, இரண்டு வருடம் குடித்த பிறகு இதைக் கேள்விப்பட்டு, "ஏன்டா முன்னாடியே சொல்லல?" என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது தெளியவைக்காமல் கலங்கலாகவே விற்கும் ஆலைகள் நிறைய உண்டு. கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள்.

அளவு பற்றியும் கேட்பீர்கள். 4 சதவீத பீர் ஒரு பைண்ட், இங்குள்ள ஆல்கஹால் கணக்கில் 2.3 யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பது இங்கே மருத்துவத் துறையின் அறிவுரை. நண்பர்களோடு போனால் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்கும் 'ரவுண்டு' பழக்கம் உண்டு. ஐந்து பேர் போனால் ஐந்து பைண்ட், அதில் ருசி எங்கே தெரியும்? சுவைக்கப் போகும் நாளில் ரவுண்டில் சேரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். சாப்பிட்டுவிட்டுப் போவேன், காரை வீட்டில் விட்டுவிட்டு டிராமில் போவேன்.

திருவிழாவின் கடைசி நாளில் மிச்சமுள்ளதை பிளாஸ்டிக் கேனில் வீட்டுக்கும் பிடித்துத் தருவார்கள். ஒரு வருடம் எனக்கு மிகவும் பிடித்துப்போன போர்ட்டரை இரண்டு பைண்ட் வாங்கி, டிராமில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் ஊரிலிருந்து வந்திருந்த மச்சானுக்கு ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "மாப்ள, இது நேத்தே செத்துப்போச்சு போலயே" என்றான். சப்பென்றுதான் இருந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு லாகர் எடுத்துக் கொடுத்தேன்.